இந்த முறை நிஜமாகவே மீட்டிங்

பதினான்கு வருடங்களாக என் மனைவியிடம் நான் அதிகம் சொன்ன வாக்கியம், "மீட்டிங்ல இருக்கேன்ம்மா" என்பதுதான். அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் தர ஆய்வாளருக்கு மீட்டிங்கே கிடையாது. காலையில், அளவு பார்க்கும் வெர்னியர் கேலிப்பரைக் கையில் எடுத்தால் சாயங்காலம் கீழே வைப்பேன். நடுவில் யாரும் என் கருத்தைக் கேட்டதில்லை. ஆனாலும் வாரத்தில் ஐந்து நாள், சரியாக ஐந்தரை மணிக்கு, எனக்கு மீட்டிங் இருந்தது. பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் இருந்த கடையின் பாரில், பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு, வேர்க்கடலையோடு நடக்கும். அஜெண்டா எல்லா நாளும் ஒன்றுதான்.

அவளுக்குத் தெரியாமல் இல்லை. முகப்பேரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். போர்டில் எழுதிக்கொண்டே, முதுகுக்குப் பின்னால் யார் காப்பியடிக்கிறார்கள் என்று சொல்லிவிடுவாள். அவள் முன்னால் ஏலக்காய் மென்றுகொண்டு வரும் கணவன் எம்மாத்திரம்? ஆரம்பத்தில் சண்டை போட்டாள். பிறகு அழுதாள். பிறகு இரண்டையும் நிறுத்திவிட்டு, நான் எதைச் சொன்னாலும் "ம்" என்று மட்டும் சொல்ல ஆரம்பித்தாள். வெளியே மழை பெய்கிறது என்று நான் சொன்னால், பால்கனிக்குப் போய்க் கையை நீட்டிப் பார்த்துவிட்டு வருவாள்.

குடியை நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்கு ஞானோதயம் எதுவும் காரணமில்லை. ஒரு திங்கட்கிழமை காலை, ஒரு டிரே நிறைய உருப்படிகளை அளந்து, அத்தனையையும் ரிஜெக்ட் செய்தேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு காட்டியது. மெஷின் ஓட்டுபவர் வந்து, கேலிப்பரை வாங்கி, மறுபடி அளந்து பார்த்தார். எல்லாமே சரியாக இருந்தன.

"சார், பீஸ் ஆடல. கை ஆடுது" என்றார், யாருக்கும் கேட்காத குரலில்.

அந்தக் குரல்தான் என்னைப் பயமுறுத்தியது. அவர் சத்தமாகச் சொல்லியிருந்தால் ஒரு ஜோக் அடித்துச் சமாளித்திருப்பேன். மறுநாளே டாக்டரிடம் போனேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனேன், அது கல்லீரல் இருக்கும் இடமில்லை என்பதுகூட அப்போது நினைவில்லை. திடீரென்று நீங்களாக நிறுத்தாதீர்கள், மாத்திரையோடு நிறுத்துங்கள் என்று எழுதிக் கொடுத்தார். எழுந்து வரும்போது, "மாத்திரை பத்து நாளைக்குத்தான். அதுக்கப்புறம் மனுஷங்க வேணும்" என்றார்.

"எந்த மெடிக்கல்ல கிடைக்கும் சார்?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

மனுஷர்கள் ஒரு ஷேர் ஆட்டோவின் பின்னால் கிடைத்தார்கள். அம்பத்தூர் ஓ.டி. சிக்னலில் டூவீலரில் நின்றிருந்தபோது, முன்னால் நின்ற ஆட்டோவில் ஒரு ஸ்டிக்கர். குடியை நிறுத்த விருப்பமா, எங்களோடு பேசுங்கள், கட்டணம் இல்லை. கீழே ஒரு போன் நம்பர். அதன் கடைசி இரண்டு எண்களைச் சேறு மறைத்திருந்தது. பச்சை விழுந்தது. ஆட்டோ ஆவடிப் பக்கம் கிளம்பியது. என் வீடு எதிர்ப்பக்கம். நான் ஆட்டோவின் பின்னால் போனேன். அது பிரேக் போட்டால் நானும் போட்டேன். திருமுல்லைவாயல் தாண்டியதும் டிரைவர் ஓரங்கட்டி இறங்கி வந்தார்.

"இன்னா நைனா, ஓ.டி.லேர்ந்து பின்னாடியே வந்துகினு கீற? எங்கனா இடிச்சிட்டனா?"

"இல்லண்ணே. பின்னாடி ஒரு நம்பர் இருக்கு. கடைசி ரெண்டு எண் தெரியல."

அவர் ஸ்டிக்கரைப் பார்த்தார். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சேற்றைப் பொறுமையாகத் துடைத்தார். "எய்திக்கோ. அவசரப்படாத. சவாரி வெய்ட் பண்ணும்" என்றார். சவாரிகள் ஆறு பேரும் தலையை வெளியே நீட்டி, நான் எந்த நம்பரை எழுதுகிறேன் என்று பார்த்தார்கள். ஒரு அம்மா, பேனா எழுதவில்லை என்றதும் தன் பேனாவையே கொடுத்தார். ரகசியமாக ஆரம்பித்த காரியம் இப்படித்தான் நெடுஞ்சாலையில் அரங்கேறியது.

அந்த நம்பரை மொட்டை மாடித் தண்ணீர் டாங்குக்குப் பின்னால் உட்கார்ந்து கூப்பிட்டேன். நிதானமான ஆண் குரல்.

"வணக்கம் சார். என் ஃபிரண்ட் ஒருத்தர் கொஞ்சம் அதிகமா குடிக்கிறாரு..."

"சரி. நீங்க நல்லாத் தூங்குறீங்களா?"

"இல்ல சார்."

"அப்ப ஃபிரண்டக் கூட்டிட்டு வர வேணாம். நீங்க மட்டும் வாங்க."

அம்பத்தூர் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு சமுதாயக் கூடம், ஞாயிறு மாலை நான்கு மணி, முன்கதவில் நுழைய வேண்டாம், பக்கவாட்டில் போனால் பின்னால் ஒரு ரூம் என்று வழி சொன்னார். பெயர் கேட்கவில்லை. நானாகச் சொல்லப் போனபோதும் வேண்டாம் என்றார்.

ஞாயிறு மதியம் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பியபோது மனைவி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"எங்க?"

"மீட்டிங்."

சிவப்புப் பேனா நின்றது. "ஞாயித்துக்கிழமையுமா?"

"இது நிஜ மீட்டிங்ம்மா. குடிய விட்டவங்க சேர்ந்து நடத்துற மீட்டிங்."

"சரி. அங்க போய் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க."

"போட்டோ எடுக்கக் கூடாதாம். பேரும் சொல்ல வேணாமாம்."

"பேர் கிடையாது. போட்டோ கிடையாது. இடம் ஸ்டேஷன் பக்கத்துல" என்று விரல்விட்டு எண்ணினாள். "ஸ்டெப் போடாம விடை மட்டும் எழுதினா நான் மார்க் போடுறதில்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த தாளை எடுத்தாள்.

தப்பு என்னுடையதுதான். ஒரு நல்ல வார்த்தையைப் பதினான்கு வருடம் பாரில் அடகு வைத்திருந்தேன். இப்போது அவசரத்துக்குத் தேடினால் கைக்குக் கிடைக்குமா?

யாரும் அடையாளம் கண்டுகொள்ளக் கூடாது என்று முகக்கவசம், அதற்கு மேல் ஹெல்மெட், வைசரையும் இறக்கிவிட்டுப் போனேன். வண்டியை நிறுத்தினால், வாசலில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளர். லிஃப்டில் எச்சில் துப்பாதீர்கள் என்று நோட்டீஸ் ஒட்டுகிறவர். அவர் வாயில் விழுந்தால் நாற்பத்தெட்டு வீட்டுக்கும் சேதி போய்விடும். திறந்திருந்த முதல் கதவுக்குள் பாய்ந்து, கடைசி வரிசை நாற்காலியில் ஹெல்மெட்டோடு உட்கார்ந்தேன்.

இருபது பேர் இருந்தார்கள். ஒருவர் எழுந்து நின்று பேசிக்கொண்டிருந்தார்.

"போன வாரம் பூரா சரக்கே இல்ல. மூணு நாளு சும்மா குந்திகினு இருந்தேன். ஊட்ல பைத்தியம் புடிச்ச மாரி ஆயிட்ச்சு."

எனக்குக் கண் கலங்கியது. என் கதையை எனக்கு முன்னால் ஒரு முன்பின் தெரியாதவர் சொல்கிறார்.

"எனுக்கும் அதே கததான் மாமே" என்றார் பக்கத்தில் இருந்தவர். "காலைல எய்ந்தா மொத நெனப்பு சரக்குதான். யாரு குடுப்பான், எங்க கெடைக்கும்னு போனையே பாத்துகினு கீறேன். ஒரு காலத்துல நாளிக்கி மூணு லோடு. இப்ப ஒண்ணுக்கே இழுத்துக்கினு கீது."

முன்னால் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தவர் தலைவர் போலிருந்தது. "அல்லாம் சரி. சில பேரு ஓவர்லோடு ஏத்திகினு பைபாஸ்ல போய் போலீசுல மாட்டிக்கிறீங்க. நம்ம அல்லாருக்கும் கெட்ட பேரு" என்று கண்டித்தார்.

எப்பேர்ப்பட்ட நேர்மை! ஹெல்மெட்டுக்குள் விம்மினேன். வைசர் முழுக்க ஆவி படிந்துவிட்டது. அந்த விம்மல் வெளியே கேட்டிருக்க வேண்டும்.

"ஹெல்மெட் அண்ணாத்தே, புதுசா? எய்ந்து ரெண்டு வார்த்த பேசு."

நான்கு நாட்களாகக் குளியலறையில் ஒத்திகை பார்த்த வாக்கியத்தோடு எழுந்தேன். "வணக்கம். நான் ஒரு குடிகாரன். சரக்க விட்டுப் பதினோரு நாள் ஆகுது."

இருபது தலைகளும் என் பக்கம் திரும்பின.

"உன்கிட்ட எத்தினி வண்டி கீது?" என்று கேட்டார் தலைவர்.

"ஒரே ஒரு டூவீலர்தான்."

"டூவீலர்ல எப்டி நைனா லோடு அடிப்ப?"

"ஓட்டும்போது அடிக்க மாட்டேன்ணே. ஓரமா நிறுத்திட்டுத்தான்" என்றேன், சத்தியமாக.

அப்புறம்தான் வைசரைத் தூக்கினேன். தலைவருக்குப் பின்னால் சுவர் முழுக்க ஒரு பேனர். மினி லாரி உரிமையாளர்கள் மற்றும் ஓட்டுநர்கள் நலச் சங்கம். நடுவில், மாலை போட்ட ஒரு மினி லாரியின் படம். சரக்கு என்றால் ஏற்றி இறக்குகிற பொருள் என்று ஒரு அர்த்தம் இருப்பதே எனக்குப் பல வருடங்களாக மறந்துபோயிருந்தது.

அவர்கள் சிரித்த சிரிப்பில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் கால் உடைந்தது. நான் கதவைத் தேடினேன். தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து தோளில் கை போட்டார்.

"நீ தேட்ற ரூமு பின்னால கீது. என் மச்சான் அங்கதான் போறான், அஞ்சு வருசமா. இப்ப அவன் மூஞ்சிய பாக்கவே நல்லாகீது. பயப்படாத, வா." என் கையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் அழைத்துப் போனார். போகிற வழியில் ஒரு மிக்சர் பொட்டலத்தை என் சட்டைப் பையில் திணித்தார். "அங்க வெறும் டீதான் குடுப்பானுங்க."

பின் அறையில் பத்து நாற்காலிகள். கதவோரம் உட்கார்ந்திருந்தவர் எங்கள் குடியிருப்புச் செயலாளர். நான் ஹெல்மெட்டைக் கழற்றினேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

"உங்க வண்டி நம்பரப் பார்த்ததும் நான் ஓடிப்போய் வேப்பமரத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சிட்டேன் சார்" என்றார் அவர். "பத்து நிமிஷம். எறும்பு வேற கடிச்சிருச்சு." குடியை விட்டு ஆறு வருடம் ஆகிறதாம். ஆறு வருடமும் ஒரே லிஃப்டில் ஏறி இறங்கியிருக்கிறோம்.

போனில் பேசியவரும் அங்கே இருந்தார். ஆவடியில் ராணுவத்துக்குச் சாமான் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, சேக்காட்டில் வீடு கட்டி இருப்பவர். பெயர் சொல்லும் வழக்கமில்லாததால் இங்கே சேக்காட்டுக்காரர் என்றே வைத்துக்கொள்கிறேன். என் முறை வந்தபோது, லாரிச் சங்கத்தில் நடந்ததை நடித்தே காட்டினேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் திருப்தியாக உட்காரப் போனேன்.

"நல்லா சிரிச்சோம்" என்றார் சேக்காட்டுக்காரர். "இப்ப உங்களுக்கு நடந்ததச் சொல்லுங்க."

மறுபடி நிமிர்ந்து நின்றேன். மெஷின் ஓட்டுபவர் மெதுவாகச் சொன்னதைச் சொன்னேன். மனைவி பால்கனியில் கையை நீட்டி மழையைச் சோதித்ததைச் சொன்னேன். அறிவுரை சொல்ல யாரும் வாயைத் திறக்கவில்லை. டீ வந்தது.

வீட்டுக்கு வந்து, நடந்ததை ஒன்றுவிடாமல் மனைவியிடம் சொல்ல உட்கார்ந்தேன். "முதல்ல தப்பான ரூமுக்குள்ள போயிட்டேன்ம்மா. அங்க எல்லாரும் சரக்கு பத்தியே பேசிட்டு இருந்தாங்க. நாளுக்கு மூணு லோடுன்னு ஒருத்தர்..." அவள் என் சட்டைப் பையில் கைவிட்டு, பொட்டலத்தை வெளியே எடுத்தாள்.

"மிக்சர்" என்றாள். "மீட்டிங், சரக்கு, லோடு, மிக்சர்." சற்று இடைவெளி விட்டு, "ம்."

என் வாயை மோந்து பார்த்திருந்தால் ஜெயித்திருப்பேன். ஆனால் அதையெல்லாம் அவள் எப்போதோ நிறுத்திவிட்டாள்.

வாரா வாரம் போனேன். எட்டு ஞாயிறு ஆனது. கை நடுக்கம் நின்றது. வெர்னியர் எனக்கும் மெஷின்காரருக்கும் ஒரே அளவைக் காட்டியது. வீட்டில் மட்டும் அதே "ம்".

பிறகு அந்தப் புதன்கிழமை. செம்பரம்பாக்கம் பக்கம், வயலாக இருந்து கிடங்காகிப் போன ஓர் இடத்தில், எங்களுக்கு உருப்படி செய்து தருகிறவரின் பட்டறை. அங்கே சோதனைக்குப் போயிருந்தேன். ஒன்றுகூட ரிஜெக்ட் இல்லை. இரண்டு மணிக்கே வேலை முடிந்தது. மேனேஜர் கைகுலுக்கி அனுப்பினார். சந்தோஷமாகத் திரும்பினேன். அதுதான் ஆபத்து. சந்தோஷம் வந்தால் அதை வைத்துக்கொண்டு வேறென்ன செய்வதென்று எனக்குத் தெரியாது. பூந்தமல்லியில் கடையைப் பார்த்ததும் தலைக்குள் ஒரு கணக்கு ஓடியது. குடிக்காமல் போனாலும் வீட்டில் "ம்". குடித்துவிட்டுப் போனாலும் "ம்". அப்புறம் என்ன வித்தியாசம்?

கணக்கு டீச்சரின் கணவனுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. வண்டியை நிறுத்தி வரிசையில் நின்றேன். நின்ற பிறகுதான் வியர்த்தது. போனை எடுத்து சேக்காட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.

"எங்க இருக்கீங்க?"

"பூந்தமல்லி. கியூல."

"முன்னாடி எத்தன பேரு?"

"ஆறு."

"அங்கருந்து வெளிய வர முடியுமா?"

"கால் வர மாட்டேங்குது சார்."

"சரி. அப்ப அங்கயே நில்லுங்க. பின்னாடி நிக்கிறவர முன்னாடி விடுங்க. அவரு போனதும் அடுத்தவர விடுங்க. நான் கிளம்பிட்டேன்."

அப்படியே செய்தேன். என் முறை வரும்போதெல்லாம் பின்னால் திரும்பி, "நீங்க போங்க" என்றேன். முதல் ஆள் சந்தேகமாகப் பார்த்துவிட்டுப் போனார். மூன்றாவது ஆள் கும்பிட்டார். ஏழாவது ஆள் வாங்கிக்கொண்டு திரும்பி வந்து என்னைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இன்னா மனுசன்யா! கடைல கியூ வுட்டுக் குடுக்கறவன இப்பத்தான் பாக்கறேன்" என்று பின்னால் சேதி பரவியது. ஒரு கிழவர், "எந்தக் கட்சி?" என்று கேட்டார். என் வாழ்நாளில் வேறெந்த இடத்திலும் இவ்வளவு ஆசீர்வாதம் வாங்கியதில்லை. கவுண்டருக்கும் எனக்கும் நடுவில் ஒரே ஒரு ஆள் இடைவெளி. அதைத் தாண்டாமல் ஐம்பது நிமிடம் நின்றேன்.

சேக்காட்டுக்காரர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். முகத்தில் வலது பாதி வழித்திருந்தது, இடது பாதியில் நரைத்த முள். பாதி ஷேவிங்கில் போன் வந்திருக்கிறது.

"வாங்க, போலாம்" என்றார். கால் வந்தது.

வரிசையிலிருந்து ஒரு குரல்: "அண்ணாத்தே, ஒன் எடத்த நான் புடிச்சி வெச்சிக்கிறேன். தெகிரியமா போய்ட்டு வா!"

எதிரே கரும்புச் சாறு குடித்தோம். அவர் வழிக்காத கன்னத்தைத் தடவிக்கொண்டே, பஸ்களைப் பார்த்தபடி நின்றார். நான் அழுததைக் கவனிக்காத மாதிரி நடந்துகொண்டதற்கு அவருக்கு இன்றுவரை நன்றி சொல்லவில்லை.

வீட்டில் அவள் வழக்கம்போல் விடைத்தாள்களோடு இருந்தாள். சொல்லாமல் விட்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அன்று பொய் சொல்லத் தெம்பில்லை.

"இன்னிக்கி கடை கியூல நின்னேன்" என்றேன்.

அவள் நிமிர்ந்தாள். "எவ்ளோ நேரம்?"

"அம்பது நிமிஷம்."

"வாங்குனீங்களா?"

"இல்ல. பின்னாடி நின்னவங்கள முன்னாடி விட்டுட்டே இருந்தேன்."

"எத்தன பேர?"

"பதினேழு."

பேனாவுக்கு மூடி போட்டாள். என் முகத்தையே பார்த்தாள். வழக்கமாக "ம்" வருகிற இடத்தில் ஒன்றும் வரவில்லை. பிறகு எழுந்து, "சாப்புடலல்ல?" என்று கேட்டபடி அடுப்படிக்குப் போனாள்.

மாதத்தின் கடைசி ஞாயிறு எங்கள் கூட்டத்துக்கு வீட்டில் இருப்பவர்களும் வரலாம். நான் கூப்பிடவில்லை, பயம். அவளாகவே புடவை மாற்றிக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். போகிற வழியெல்லாம் எனக்கு ஒரே கேள்வி. இவள் அங்கே எழுந்து பதினான்கு வருடத்தையும் வரிசையாக ஒப்பித்துவிட்டால்?

பேச விருப்பமா என்று சேக்காட்டுக்காரர் கேட்டதும் எழுந்துவிட்டாள். வகுப்பில் நிற்கிற மாதிரியே நின்றாள். எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"இவரு குடிக்கலன்னு வந்து சொன்னப்பல்லாம் நான் நம்பல. குடிக்கலன்னு சொல்றதுல இவருக்குப் பதினாலு வருஷ சர்வீஸ்" என்றாள். செயலாளர் முதலில் சிரித்தார். "கியூல நின்னேன்னு சொன்னாரு பாருங்க, அத நம்புனேன். தன்னப் பத்தித் தப்பா ஒரு விஷயத்த இவரு கலர் அடிக்காம சொல்லி அன்னிக்கித்தான் கேட்டேன். அம்பது நிமிஷம் கியூல நின்னு வாங்காம வந்த ஆளு இந்த மெட்ராஸ்லயே இவரு ஒருத்தராத்தான் இருக்கணும். ரேஷன் கடைலகூட இவரு அப்படி நின்னதில்ல."

அறை அதிர்ந்தது. நான் இரண்டு மாதமாகக் கஷ்டப்பட்டு வாங்கிய சிரிப்பையெல்லாம் ஒரே மூச்சில் அள்ளிவிட்டாள். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"மொத்தமா நம்பிட்டேன்னு எழுதிக் குடுக்க மாட்டேன். இன்னிக்கி நம்புறேன். நாளைக்கி என்னன்னு நாளைக்கித்தான் சொல்ல முடியும்."

"நாங்களும் அவ்ளோதாம்மா சொல்றோம்" என்றார் சேக்காட்டுக்காரர்.

கைதட்டினார்கள். அவள் உட்காரவில்லை. முகம் சிவந்திருந்தது, அது எந்தச் சிவப்பு என்று எனக்குத் தெரிந்தது. நன்றாகப் பேசிவிட்ட ஆளுக்கு வரும் சிவப்பு.

"சார், அடுத்த வாரமும் வரலாமா? இன்னும் நிறைய இருக்கு."

"அடுத்த வாரம் குடிச்சவங்களுக்கு மட்டும்மா."

"அப்ப நானும் குடிச்சுப் பழகிட்டுத்தான் வரணுமா?" என்றாள்.

எல்லோரும் சிரித்த சிரிப்பில் என்னுடைய சிரிப்பு தாமதமாகத்தான் சேர்ந்தது. அவள் இப்படி ஜோக் அடிப்பாள் என்பது, குடிக்கிற மும்முரத்தில், எனக்கு இத்தனை வருடமாகத் தெரியாமலே போயிருந்தது.